515 புலிகள் எங்கிருந்து வந்தன?

2023 ஏப்ரல் 9 அன்று மைசூருவில் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் பொன்விழா நடந்தது. இந்தியக் காடுகளில் 3,167 புலிகள் இருப்பதாகப் பிரதமர் அங்கே அறிவித்தார். மறுநாள் நாளிதழ்களில் அதுதான் தலைப்பு. அதே ஆண்டு ஜூலை 29, உலகப் புலிகள் நாள். அன்று வெளியான விரிவான அறிக்கையில் இருந்த எண் 3,682.

இரண்டு தேதிகளுக்கும் நடுவே நான்கு மாதம்கூட இல்லை. புலியின் சினைக்காலமே ஏறக்குறைய மூன்றரை மாதம். ஏப்ரலில் சினைப்பட்ட புலி ஜூலைக் கடைசியில்தான் ஈன்றிருக்கும். அந்தக் குட்டிகளும் கணக்கில் வராது. ஒரு வயது நிரம்பாத குட்டிகளை இந்தக் கணக்கெடுப்பு சேர்ப்பதே இல்லை. அப்படியென்றால் கூடுதலாக வந்த 515 புலிகள் எங்கிருந்து வந்தன?

டீக்கடையில் பேப்பர் படிப்பவர் இதைப் பார்த்தால், முதலில் சரியாக எண்ணவில்லை என்பார். இல்லாவிட்டால் பிறகு கூட்டிச் சொல்லிவிட்டார்கள் என்பார். இரண்டுமே இல்லை. இரண்டு எண்களும் ஒரே கணக்கெடுப்பில் பிறந்தவை. விடைக்குப் போகும்முன், இந்தக் கணக்கெடுப்பு எந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கண்ணாடியில் வரைந்த தடம்

புலியை நேரில் பார்த்து எண்ண முடியாது. பகலில் புதரில் படுத்திருக்கும், இருட்டியபின் நடக்கும், ஆள் அரவம் கேட்டால் ஒதுங்கிப் போகும். அதனால் 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு வனத்துறை புலியை விட்டுவிட்டு அதன் காலடியை எண்ணியது. ஒடிசாவைச் சேர்ந்த வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி 1960-களில் உருவாக்கிய முறை இது.

வண்டித்தடத்திலோ ஓடைக்கரையிலோ தெளிவான தடம் கிடைத்தால், வனக்காப்பாளர் அதன்மேல் ஒரு கண்ணாடிச் சட்டத்தை வைப்பார். தடத்தின் விளிம்பைக் கண்ணாடிமேல் பேனாவால் வரைவார். பிறகு அதைத் தாளுக்கு மாற்றி, இடம், தேதி, மண்ணின் தன்மை எல்லாம் குறிப்பார். இடது பின்னங்கால் தடம்தான் வேண்டும். இப்படி வந்த தாள்கள் ரேஞ்சர் அலுவலகத்தில் குவியும். அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு, இது ஒரு புலி, இது இன்னொன்று என்று அனுபவசாலிகள் பிரிப்பார்கள்.

காட்டில் வளர்ந்தவர்களின் கண்ணை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தடத்தைப் பார்த்து ஆணா பெண்ணா, எப்போது போனது என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் ஒரே புலி சேற்றில் நடந்தால் ஒரு தடம், புழுதியில் நடந்தால் வேறு தடம், ஓடினால் மற்றொன்று. சருகு மூடிய காட்டிலும் பாறையிலும் தடமே விழாது. விலங்கியலாளர் உல்லாஸ் கரந்த் 1980-களில் இதைச் சோதித்தார். மைசூரு உயிரியல் பூங்காவில் இருந்த 4 புலிகளின் தடங்களை வரைந்து, அனுபவமுள்ள அதிகாரிகளிடம் கொடுத்து, இவை எத்தனை புலிகள் என்று கேட்டார். நான்கு என்று ஒருவரும் சொல்லவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. புலியைக் காப்பதும் வனத்துறை, எண்ணுவதும் வனத்துறை, எண்ணிக்கை குறைந்தால் பதில் சொல்லவேண்டியதும் வனத்துறை. தேர்வு எழுதிய மாணவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது.

சரிஸ்கா

ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில் இருக்கிறது சரிஸ்கா புலிகள் காப்பகம். தில்லியிலிருந்து சில மணி நேரப் பயணம். 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் அங்கே ஆண்டுதோறும் ஏறக்குறைய 25 புலிகள் இருப்பதாக அதிகாரபூர்வக் கணக்கு சொல்லிவந்தது. 2004-இல் அது இறங்கியது. அப்போதும் பதினாறுக்குக் குறையவில்லை. அந்த ஆண்டின் இறுதியில், புலியே கண்ணில் படவில்லை என்ற செய்தி வெளியே வந்தது. இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தார் 2005-இல் தேடிப் பார்த்து முடிவு சொன்னார்கள்: ஒன்றுகூட இல்லை.

வேட்டைக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கொன்றுகொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் ஏட்டில் புலிகள் எண்ணிக்கை நிலையாக நின்றது. சுனிதா நாராயண் தலைமையில் மத்திய அரசு அமைத்த புலிகள் பணிக்குழு விசாரித்தபோது ஒன்று தெரியவந்தது. கீழ்நிலை ஊழியர்கள் தாங்கள் கண்ட புலிகளைப் பற்றி வைத்திருந்த சொந்தக் குறிப்புகளில் எண்ணிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே சரியத் தொடங்கியிருந்தது. உண்மை காப்பகத்துக்குள்ளேயே இருந்தது. மேலே போகும் அறிக்கையில்தான் அதற்கு இடமில்லை.

அந்த ஆண்டுகளில் சரிஸ்காவைப் பற்றி ஓர் அறிக்கை எழுதியிருந்தால், எத்தனை சதுர கிலோமீட்டர், எத்தனை காவலர்கள், எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்ற கட்டங்களில் எல்லாம் சரியான எண்ணையே நிரப்பியிருக்கலாம். புலி மட்டும் இல்லை.

2006-இல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் உருவானது. காலடித் தடத்தை எண்ணும் முறை கைவிடப்பட்டது. புதிய முறையில் வந்த முதல் தேசிய எண் 1,411. முந்தைய கணக்குகள் 3,600-க்கு மேல் சொல்லியிருந்தன. நாடு திடுக்கிட்டது. என் கணிப்பில், காட்டுயிர்த் துறையில் இந்திய அரசு வெளியிட்ட எண்களிலேயே துணிச்சலானது இந்த 1,411-தான்.

முழங்கால் உயரத்தில் இரண்டு கண்கள்

ஒவ்வொரு புலிக்கும் உடல் வரிகள் வேறு. ஒரே புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட ஒன்றல்ல. கரந்த் 1990-களின் தொடக்கத்தில் நாகரஹொளேக் காட்டில் தானியங்கி கேமராக்களை வைத்து, இந்த வரிகளைக் கொண்டு புலிகளை அடையாளம் காணத் தொடங்கினார். நாடு முழுவதற்கும் இன்று அதுதான் அடிப்படை.

முதுமலையிலோ ஆனைமலையிலோ கணக்கெடுப்பு நடக்கும்போது காட்டுப்பாதையின் இருபுறமும் மரத்தூரில் முழங்கால் உயரத்தில் இரண்டு கேமராக்கள் கட்டியிருப்பார்கள். இரண்டு ஏன்? ஒன்று இடப்பக்கத்தை எடுக்கும், மற்றது வலப்பக்கத்தை. ஒரே கேமரா என்றால், இன்று இடப்பக்கம் காட்டிப் போன புலி நாளை வலப்பக்கம் காட்டித் திரும்பும்போது இரண்டு புலிகளாகிவிடும். இரண்டையும் நேருக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். இல்லாவிட்டால் ஒன்றின் வெளிச்சம் மற்றதன் படத்தைக் கெடுக்கும். யானைகள் பிடுங்கி எறிவதும் உண்டு, மனிதர்கள் கழற்றிக்கொண்டு போவதும் உண்டு.

2022 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 32,588 இடங்களில் கேமராக்கள் இருந்தன. கிடைத்த படங்கள் 4 கோடியே 70 லட்சத்துக்கு மேல். அவற்றில் புலி இருந்தவை 97,399. மற்றதெல்லாம் மான், யானை, காட்டுப்பன்றி, மாடு, மனிதர். அந்த 97,399 படங்களை வரிவாரியாக ஒப்பிட்டபோது கிடைத்தவை 3,080 தனித்தனிப் புலிகள்.

3,080-தான் படத்தில் பதிந்தது என்றால் 3,682 எப்படி?

படத்தில் விழாத புலியை எண்ணுவது

இதற்கு ஒரு கற்பனைக் காட்டை எடுத்துக்கொள்வோம். சிறிய காடு. முதல் இருபது நாட்கள் கேமரா வைத்ததில் 12 வெவ்வேறு புலிகள் பதிந்தன. அடுத்த இருபது நாட்களில் 15 புலிகள். இந்தப் பதினைந்தில் 9 புலிகள் முதல் சுற்றிலேயே பார்த்தவை, 6 புதியவை.

நேரில் பதிந்தவை மொத்தம் 18. காட்டில் உண்மையில் எத்தனை இருக்கும்?

இரண்டாம் சுற்றை மட்டும் கவனியுங்கள். பதிந்த 15-இல் 9 பழைய முகம். அதாவது, ஐந்தில் மூன்று பங்கு. இந்தப் பதினைந்தும் காட்டிலுள்ள எல்லாப் புலிகளுக்கும் சரியான மாதிரி என்று வைத்துக்கொண்டால், காடு முழுவதிலும் ஐந்தில் மூன்று பங்கு புலிகள் முதல் சுற்றில் பதிந்துவிட்டன என்றாகிறது. முதல் சுற்றில் பதிந்தவை 12. பன்னிரண்டு என்பது ஐந்தில் மூன்று பங்கு என்றால் முழுமை 20. கண்ணில் பட்ட 18-க்கு மேல், படாத 2 புலிகள் எங்கோ இருக்கின்றன.

இதை மறுபிடிப்பு முறை என்று அழைக்கலாம். முதல்முறை பிடித்தது மறுமுறை எவ்வளவு அகப்படுகிறது என்பதை வைத்து, அகப்படாததை அளப்பது. டென்மார்க்கின் பீட்டர்சன் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மீன்களுக்கும், அமெரிக்காவின் லிங்கன் 1930-இல் வாத்துகளுக்கும் இந்த வழியில் போனார்கள்.

இப்போது ஒரு தவறு செய்து பார்ப்போம். படம் ஒப்பிடும் மேசையில், இரண்டாம் சுற்றில் வந்த இரண்டு பழைய புலிகளை அடையாளம் தெரியாமல் புதியவை என்று எழுதிவிடுகிறோம். மங்கலான படம், மழைத்துளி, என்ன காரணமாகவும் இருக்கலாம். பழைய முகம் 9 என்பது 7 ஆகிவிட்டது. கணக்கைத் திரும்பப் போடுங்கள்: 15-இல் 7 என்பது பாதிக்கும் குறைவு. விடை ஏறக்குறைய 26. இரண்டே புலிகளை மாற்றி எழுதியதில் காட்டில் ஆறு புலிகள் கூடிவிட்டன! அதுவும் கூடும் பக்கமே சாய்கிறது. பழைய முகம் தவறுதலாகக் கூடினால் விடை குறையும். 11 என்று எழுதியிருந்தால் பதினாறு, பதினேழு புலிகள்தான் வரும். ஆனால் களத்தில் அடிக்கடி நிகழ்வது அடையாளம் தவறிப்போவதுதான்.

இதனால்தான் நேர்மையான அறிக்கை ஒற்றை எண்ணோடு நிற்பதில்லை. கீழ்வரம்பு, மேல்வரம்பு என இரண்டையும் சேர்த்துத் தருகிறது. 2006 கணக்கெடுப்பின் 1,411-க்குக் கீழ்வரம்பு 1,165, மேல்வரம்பு 1,657. 2022-இன் 3,682-க்கு மேல்வரம்பு 3,925. கீழ்வரம்பு? 3,167.

ஏப்ரலில் மைசூருவில் சொன்னது இதைத்தான். குறைந்தபட்சம் இத்தனை என்ற அடித்தளம் அப்போது தயாராகியிருந்தது. கேமரா வைக்காத காடுகளையும் சேர்த்து முழுக் கணக்கு முடிந்தபோது நடு எண் 3,682 என்று வந்தது. 515 புலிகள் ஜூலையில் பிறக்கவில்லை. ஏப்ரலிலும் காட்டில்தான் இருந்தன, கணக்கில்தான் இன்னும் ஏறவில்லை.

இந்த வேறுபாடு தெரியாமல் போனதால் நம் பக்கத்திலேயே ஒரு குழப்பம் நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 2018-இல் 981 புலிகள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 2023 ஏப்ரல் அறிக்கையில் 824 என்று இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் புலிகள் குறைந்தன என்று செய்தி பரவியது. அந்த 824 படத்தில் பதிந்த புலிகள் மட்டும். 981 முழு மதிப்பீடு. ஜூலையில் முழு மதிப்பீடு வந்தபோது கர்நாடகம் 563, தமிழ்நாடு 306, கேரளம் 213, கோவா 5 என மொத்தம் 1,087. ஏறக்குறைய நூறு கூடியிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒப்பிடக்கூடாத இரண்டை ஒப்பிட்டார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. 2006-இல் 1,411 ஆக இருந்தது 2010-இல் 1,706 ஆனது. இந்த உயர்வில் சுந்தரவனத்தின் 70 புலிகள் அடக்கம். 2006-இல் சுந்தரவனத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எண்ணப்படும் பரப்பு விரிந்தால் புலி பெருகாமலேயே எண் பெருகும்.

கேமரா இல்லாத காடு

எல்லாக் காட்டிலும் கேமரா வைக்க ஆள்பலமும் பணமும் இல்லை. அங்கே பழைய நடைதான். ஒவ்வொரு வனக்காப்பாளரும் தன் காவல் பகுதியில் குறிப்பிட்ட தூரம் நடந்து, எச்சம், நகக்கீறல், தடம் கண்ட இடங்களைச் செல்பேசிச் செயலியில் பதிவுசெய்கிறார். காலையில் நேர்கோட்டுப் பாதையில் நடந்து புள்ளிமான், கடமான், காட்டுமாடு ஆகியவற்றை எண்ணுகிறார். கேமரா வைத்த காடுகளில் இந்த அறிகுறிகளுக்கும் புலி எண்ணிக்கைக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்து, அதை வைத்துக் கேமரா இல்லாத காட்டின் எண்ணிக்கையைக் கணிக்கிறார்கள்.

சர்ச்சை இங்கேதான். அர்ஜுன் கோபாலசாமி, கரந்த் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015-இல் எழுதிய கட்டுரை, அறிகுறியிலிருந்து எண்ணிக்கைக்குத் தாவும் இந்தப் பாலம் பலவீனமானது என்று வாதிட்டது. அரசு நிறுவனத்து ஆய்வாளர்கள் மறுத்தார்கள். நான் இதில் ஒரு பக்கமும் முழுமையாகச் சாயவில்லை. ஆனால் 2022-இல் 3,682-இல் 3,080 நேரடியாகப் படத்தில் இருப்பவை. அதாவது 84 விழுக்காடு. பாலத்தின்மேல் நிற்பது மிஞ்சிப்போனால் மீதி 16 விழுக்காடுதான். மொத்த எண்ணைப் பொறுத்தவரை அது பெரிய ஆபத்தில்லை. புலி குறைவாக உள்ள காடுகளுக்குத்தான் ஆபத்து; அங்கே ஐந்தாறு புலி கூடினாலும் குறைந்தாலும் முடிவே மாறிவிடும். 2022-இல் ஒடிசாவுக்கு 20 என்று வந்தபோது அந்த மாநிலம் ஏற்கவில்லை. தானே கேமரா வைத்து எண்ணி 30 என்று அறிவித்தது.

எண்ணிய பிறகு

நாடு முழுவதும் புலி கூடியது என்ற மகிழ்ச்சியில் மறைந்துபோன வரிகள் அதே அறிக்கையில் உண்டு. 2018-க்கும் 2022-க்கும் இடையே ஜார்க்கண்டில் 5 புலிகள் 1 ஆயின. அருணாசலப் பிரதேசத்தில் 29 என்பது 9. சத்தீஸ்கரில் 19 என்பது 17. மத்தியப் பிரதேசம் 785 என்ற உயரத்தில் இருந்து மொத்தத்தைத் தூக்கிப் பிடித்தது.

பாதுகாப்பு உத்தி இங்கேதான் பிறக்கவேண்டும். புலி குறைந்த காட்டில் மானும் குறைந்திருந்தால், எவ்வளவு காவலர்களை நிறுத்தினாலும் பயன் சொற்பம். முதலில் இரை விலங்குகள் பெருகவேண்டும். மான் நிறைய இருந்தும் புலி இல்லையென்றால் வேட்டை நடக்கிறது என்று சந்தேகிக்கவேண்டும், அல்லது பக்கத்துக் காட்டிலிருந்து வர வழியில்லை என்று பொருள். சரிஸ்காவுக்கு 2008-இல் ரணதம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் புலியைக் கொண்டுவந்து விட்டார்கள். முதுமலையில் சிக்கல் நேர்மாறானது: 2022 கணக்கில் 114 புலிகள், சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் ஊர்களும். 2021-இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் மனிதர்களைத் தாக்கிய டி23 புலியை வாரக்கணக்கில் தேடி உயிரோடு பிடித்து மைசூருவுக்கு அனுப்பினார்கள். கண்ணில் பட்ட ஏதோ ஒரு புலியைச் சுடாமல், இதே புலிதான் என்று உறுதிசெய்ய உதவியது கேமராப் படத்தில் இருந்த வரிகள்தான்.

புலிக்கு அப்பால்

எண்ணிச் சொல்லும் கடமை புலியோடு முடிவதில்லை. இந்தியா 1994-இல் உலகப் பல்லுயிர் உடன்படிக்கையில் உறுப்பு நாடானது. அதன்படி அவ்வப்போது உலகுக்கு அறிக்கை தரவேண்டும், தேசிய உத்தியும் வகுக்கவேண்டும். 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் அதன் உறுப்பு நாடுகள் 23 இலக்குகளை ஏற்றன. 2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் இந்தியா தன் புதுப்பித்த செயல்திட்டத்தை வெளியிட்டது.

அந்த 23 இலக்குகளில் அதிகம் பேசப்படுவது, 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பது. பரப்பை அளப்பது எளிது, வரைபடம் போதும். அதனால் உலகெங்கும் அரசுகள் பரப்பையும் செலவையும் முதலில் எழுதுகின்றன. சரிஸ்காவில் புலி அழிந்த ஆண்டிலும் அதன் பரப்பு ஓர் அடிகூடக் குறையவில்லை என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளவேண்டும். அந்தப் பரப்புக்குள் இருக்கும் உயிர்கள் என்னவாயின என்று சொல்ல, எண்ணிப் பார்த்தவர்கள் வேண்டும். புலிக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. வரையாட்டுக்குத் தமிழகமும் கேரளமும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்கின்றன. தவளைக்கும் தேனீக்கும் ஆற்றுமீனுக்கும் நாடளாவிய அப்படியொரு கணக்கு கிடையாது. அவற்றைப் பற்றி அரசு அறிக்கையில் வரும் வாக்கியங்கள் பெரும்பாலும் எடுத்த நடவடிக்கைகளையே சொல்லும், விளைவைச் சொல்லாது.

புலிக் கணக்கெடுப்பு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. அடுத்த எண் வரும்போது தலைப்புச் செய்தியோடு நிறுத்திவிடாதீர்கள். முழு அறிக்கை பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கும். களக்காடு முண்டந்துறையோ, ஆனைமலையோ, சத்தியமங்கலமோ, உங்களுக்குப் பக்கத்துக் காப்பகத்தின் பெயரைத் தேடுங்கள். புலி எண்ணுக்குப் பக்கத்தில் கீழ்வரம்பும் மேல்வரம்பும் இருக்கின்றனவா, படத்தில் பதிந்தவை எத்தனை, மான்கள் எத்தனை என்று பாருங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம்.